மதகுக்காரன் நாக்கு

லைமஸின் நாக்கு செத்து மூன்று வருஷமாகியிருந்தது. லயத்தில் அது மூன்று பேருக்குத்தான் தெரியும். லைமஸுக்கு, அவன் மனைவி பைனாவுக்கு, எனக்கு. எனக்குத் தெரியும் என்பது அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

ஒட்டுக் கேட்கிறவன் என்று என்னைச் சொல்ல வேண்டாம். தப்பு வீட்டைக் கட்டச் சொன்னவர்களுடையது. மேபின் தோட்டத்து லயத்தில் ஒவ்வொரு கூரைக்கும் கீழே இரண்டு குடும்பம். நடுவில் ஒரே புகைபோக்கி. அதற்கு இந்தப் பக்கம் ஓர் அடுப்பு, அந்தப் பக்கம் ஓர் அடுப்பு. செங்கல் மிச்சம் பிடிக்க அடிமைக் காலத்தில் செய்த ஏற்பாடு. நான் இந்தப் பக்கம் தும்மினால் பைனா அந்தப் பக்கத்திலிருந்து, “ஆண்டவர் காப்பாத்தட்டும்” என்பாள். அடுப்பு முன்னால் உட்கார்ந்து அவர்கள் பேசுவதெல்லாம் என் சாம்பலில் வந்து விழும். காதை நான் எங்கே கொண்டு போய் வைப்பது?

என் பேர் கேட்டோ. தச்சன். மதகுக்குப் பலகை போடுவது, படகுக்குத் துடுப்பு செதுக்குவது, பெரிய வீட்டு ஜன்னலுக்குக் கீல் மாற்றுவது, ஆள் இல்லாதபோது கொத்து வேலையும் பார்ப்பது. பெரிய வீட்டின் முகப்பில் ஆறு தூண்கள் நிற்கும். பார்த்தால் கல் என்று சத்தியம் பண்ணுவீர்கள். கல் இல்லை. சதுப்பில் வெட்டிய சைப்ரஸ் மரம். என் அப்பாவின் தாத்தா அதை இழைத்து உருட்டி, வெள்ளை வர்ணம் பூசி, வர்ணம் காய்வதற்குள் மணலை வாரி அடித்துக் கல்லாக்கினார். வந்த விருந்தாளிகளெல்லாம் தட்டிப் பார்த்து ஏமாந்து சிரிப்பார்களாம். மேபின் வம்சத்துக்கு அதில் பெருமை. அடித்தவர் பேர் என்னவென்று அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது.

அந்த வீட்டை ஆற்றைப் பார்த்துக் கட்டினார்கள், வெள்ளம் வந்தாலும் நனையாதபடி செங்கல் வளைவுகள் மேல் தூக்கி. மாடி வராந்தாவில் நின்றால் லயத்தின் இருபது வாசலும் ஒரே பார்வையில் தெரியும். எங்கள் வீடுகளுக்குப் பின்பக்கம் ஜன்னல் கிடையாது. யார் எப்போது வெளியே போகிறான் என்று பார்ப்பதற்காகவே போட்ட நேர்கோடு. அடிமைகளுக்கு விடுதலை வந்து நாற்பத்தைந்து வருஷமாகியும் வாசல்கள் அப்படியேதான் இருந்தன. நாங்களும் அதே வாசல்களில்தான் இருந்தோம்.

வயலெல்லாம் ஆற்றோரம். எங்கள் ஆட்கள் மூன்று தலைமுறை மண்வெட்டியோடு சதுப்பில் இறங்கி, மரத்தை வெட்டி, வேரைப் பிடுங்கி, கரை போட்டு, சதுரம் சதுரமாக நெல் வயலாக்கியது. பாம்பு கடித்தவனும் காய்ச்சலில் போனவனும் அந்தக் கரைக்குள்ளேயே கிடக்கிறான். கடல் அங்கிருந்து பன்னிரண்டு மைல். ஓதம் ஏறும்போது கடல் ஆற்றைப் பின்னால் தள்ளும். ஆற்றின் நல்ல தண்ணீர் எழும்பி மதகு மட்டத்துக்கு வரும். அப்போது கதவைத் தூக்கினால் வயல் நிறையும். ஆனால் மழை தவறிய வருஷங்களில் கடலே ஆற்றுக்குள் ஏறி வந்துவிடும். கண்ணுக்கு இரண்டு தண்ணீரும் ஒன்றுதான். நாக்குக்குத்தான் வித்தியாசம்.

அதனால் மதகுக்காரன் சுரைக்குடுவையில் தண்ணீரை மொண்டு, வாயில் வைத்து, கொஞ்சம் நிறுத்தித் துப்புவான். அவன் தலையசைத்தால்தான் கதவு திறக்கும். துரையே குதிரையில் வந்து நின்றாலும் காத்திருக்க வேண்டும். ஒரு கறுப்பனின் தலையசைப்புக்கு வெள்ளைக்காரன் காத்து நின்ற இடம் மேபின் தோட்டத்தில் அது ஒன்றுதான். லைமஸின் அப்பா மதகுக்காரர். அவருடைய அப்பாவும் அதுவே.

மூன்று வருஷத்துக்கு முன்னால் லைமஸ் காய்ச்சலில் பதினைந்து நாள் கிடந்தான். எழுந்த அன்று பைனா மடவை மீன் குழம்பும் சோறும் வைத்தாள். “உப்பே இல்லையே” என்றான். அவள் ஒரு கை உப்பு அள்ளிப் போட்டாள். “இப்பவும் இல்ல” என்றான். அடுப்பின் அந்தப் பக்கம் சட்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“வெளியில சொல்லாத. மதகு போயிரும். மதகு போனா வீடும் போயிரும்,” என்றான் லைமஸ்.

“நான் ருசி பாத்துச் சொல்றேன்.”

“பொம்பள மதகு மேல ஏறக் கூடாது. ஏறுனா லயமே கூடி நின்னு கேள்வி கேக்கும்.”

“மதகு மேல எதுக்கு ஏறணும்? மத்தியானம் சோறு கொண்டு வர்றவ கரையோரம் குனிஞ்சு கை கழுவக் கூடாதா? கழுவுன கைய வாயில வச்சா எவன் கண்டான்?”

அப்படித்தான் தொடங்கியது. லைமஸ் எல்லோர் முன்னாலும் குடுவையில் மொண்டு வாயில் வைத்துத் துப்புவான். ஆனால் தலையசைக்க மாட்டான். “இன்னும் கொஞ்சம் ஏறட்டும்” என்பான். பைனா சோற்று வாளியைத் தலையில் வைத்துக் கரையோடு வருவாள். குனிந்து கை கழுவுவாள். நல்ல தண்ணீர் என்றால், “சோறு சூடா இருக்கு, சாப்பிட வா” என்பாள். கரித்தால், “சோறு ஆறிப் போச்சு” என்பாள். மூன்று வருஷத்தில் ஒரு கதிருக்குக் கேடு வரவில்லை. “கல்யாணமாகி இருவது வருசம் கழிச்சுப் புருசனுக்குச் சுடச்சுட சோறு சுமக்குறா பாரு, புதுப்பொண்ணு கெட்டா!” என்று லயத்துப் பெண்கள் அவளைக் கேலி செய்வார்கள். பைனாவும் சிரித்துக்கொண்டு போவாள்.

அவள் சிரிப்பு நின்றது அவள் அக்கா மிண்டாவால்.

முந்தின வருஷம் ஆகஸ்டில் புயல் அடித்தது. பெரிய வீட்டின் தூண்கள் நின்றன, முகப்புப் படிகள் பெயர்ந்து போயின. அகலமான படிகள். அந்தக் காலத்துச் செங்கல், பாதி கருஞ்சிவப்பும் பாதி பழுப்புமாக இருக்கும். நகரத்திலிருந்து வந்த புதுச் செங்கலின் நிறம் மேபின் துரைக்குப் பிடிக்கவில்லை. “வீட்டு முகத்துல ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கும்” என்றார். எங்கள் பக்கம் பார்த்தார். லயத்துப் புகைபோக்கிகளும் அதே சூளைச் செங்கல்தான்.

மிண்டாவின் வீடு லயத்தின் கடைசி. அது மட்டும் ஒரே குடும்பத்துக்கான சின்ன வீடு. அவள் புருஷன் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் இறந்துபோனான். பிள்ளைகள் கிடையாது. “வயலுக்கு ஆள் அனுப்பாத வீட்டுக்குப் புகைபோக்கி எதுக்கு?” என்றார் துரை.

ஜனவரியில் இடித்தோம். கடப்பாறை என் கையில். செங்கல்லைப் படகில் ஏற்றியது லைமஸும் எங்கள் லயத்து மண்டேயும். முந்தின நாள் பைனா லைமஸிடம் போகாதே என்று கெஞ்சியது என் அடுப்பில் கேட்டது. “போகலன்னா நாளைக்கு மதகு கைமாறிரும்” என்று அவன் சொன்னதும் கேட்டது. நாங்கள் போனபோது மிண்டா உலை வைத்திருந்தாள். “கேட்டோ, சித்த பொறுப்பா, சோத்த எறக்கிக்கிறேன்” என்றாள். பொறுத்தோம். இறக்கிக்கொண்டாள். இடித்தோம்.

ஓட்டையைப் பலகையால் அடைத்துக் கொடுத்தேன். பைனா தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். என் புருஷன் செத்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்று மிண்டா பிடிவாதமாக இருந்தாள். வெளியே மூன்று கல் வைத்துச் சமைத்தாள். பிப்ரவரிக் குளிரில் நெஞ்சில் சளி கட்டி, விதைப்புக்கு முன்னால் போய்விட்டாள். எங்கள் வழக்கப்படி அவள் கடைசியாகக் குடித்த கோப்பையை உடைத்துக் குழி மேல் வைத்தோம்.

அதோடு போயிருக்கலாம். மே மாதம் துணி வெளுக்கப் பெரிய வீட்டுக்குப் போன பைனா, திரும்பி நேராக என் பட்டறைக்கு வந்தாள்.

“மூணாவது படி, எடது ஓரம். பாத்தியா கேட்டோ?”

“என்ன பாக்கணும்?”

“எங்கம்மா கை அது.”

பைனா, மிண்டாவுடைய அம்மா ஏழு வயசில் செங்கல் சூளையில் வேலை செய்தவள். பச்சைக் கல்லை வெயிலுக்குத் திருப்பிப் போடுவது சின்னப் பிள்ளைகள் வேலை. ஈரக் கல்லில் விரல் பதியும். அச்சுப் பலகை விழுந்து அவள் நடுவிரல் கோணிப் போயிருந்தது. அந்தக் கோணல் விரல் பதிந்த கல் ஒன்று மிண்டா வீட்டு அடுப்புக்கு மேலே இருந்தது. அக்காவும் தங்கையும் சின்ன வயசில் அதில் விரலை வைத்து வைத்துப் பார்த்தவர்கள்.

“நான் பாக்கல பைனா.”

“பாக்கலியா? நீதான சாந்து பூசுனே?” என்றாள். திரும்பிப் போய்விட்டாள். அதற்கப்புறம் அடுப்பின் அந்தப் பக்கமும் பேச்சு வற்றிப் போயிற்று.

அந்த வருஷம் மழையும் வற்றிப் போயிற்று. ஜூலை முழுக்க ஒரு தூறல் இல்லை. நெல் பால் பிடிக்கும் பருவம். கிழக்குச் சதுரத்துக்குக் கடைசித் தண்ணீர் விட வேண்டும். துரையின் பயிரும் அங்கேதான், எங்கள் பாத்திகளும் அங்கேதான். வாரத்தில் இரண்டு நாள் அவருக்கு உழைத்தால் எங்களுக்கு ஆளுக்கொரு துண்டு. ஒரே மதகுத் தண்ணீர்தான் எல்லாவற்றுக்கும். அந்தத் துண்டில் விளைவதுதான் எங்களுக்கு அடுத்த ஆகஸ்ட் வரை சோறு.

ஆகஸ்ட் முதல் வாரம், ஒரு வியாழக்கிழமை மத்தியானம். நான் மதகுக்குக் கீழே பெயர்ந்த பலகை ஒன்றை அடித்துக்கொண்டிருந்தேன். கரையில் பத்துப் பதினைந்து பேர் மண்வெட்டியோடு நின்றார்கள். துரை குதிரையில் வந்தார். வடக்கேயிருந்து ஒரு பணக்காரர் அடுத்த வாரம் இடத்தைப் பார்க்க வருகிறாராம். வயல் பச்சையாக இருக்க வேண்டுமாம்.

“ஆறு என்ன சொல்லுது லைமஸ்?”

லைமஸ் மதகின் கால்மரத்துப் பக்கம் குனிந்து பார்த்தான். பிறகு குடுவையில் மொண்டு, வாயில் வைத்து, துப்பினான். “இன்னும் கொஞ்சம் ஏறட்டும் துரை.”

“கொஞ்சம் ஏறட்டும், கொஞ்சம் ஏறட்டும்னு நாலு நாளாச் சொல்லுறியே அண்ணே!” என்றான் மண்டே. “எம் பாத்தியில கை போற அளவுக்கு வெடிச்சுக் கெடக்கு. எவளுக்குப் புள்ளை பொறக்கப்போகுதுன்னு இப்படிக் காத்துக்கிட்டு இருக்கே?”

எல்லோரும் சிரித்தார்கள். லைமஸும் சிரித்தான். “பயிரு இன்னும் மூணு நாள் தாங்கும் மண்டே. உப்பு வந்தா ஒரு நாள் தாங்காது.”

பைனா கரையோடு வந்தாள். வாளியை இறக்கி வைத்தாள். குனிந்து கை கழுவினாள். புறங்கையால் வாயைத் துடைத்தாள். நிமிர்ந்தவள் எதிரே பெரிய வீட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம்.

“சோறு சூடா இருக்கு. சாப்பிட வா.”

லைமஸ் அவளைப் பார்த்தான். “சூடாவா இருக்கு?” மூன்று வருஷத்தில் அவன் இரண்டாம் தடவை கேட்டதில்லை.

“இருக்கு.”

அவன் தலையசைத்தான். போய்க் கதவைத் தூக்கினான். தண்ணீர் பலகைக்கு அடியில் புரண்டு உள்ளே பாய்ந்தது. மண்டே தொப்பியைக் கழற்றி வீசிவிட்டு வாய்க்காலில் இறங்கி ஆடினான். கரை முழுக்க ஒரே கூச்சல். என் முழங்கால் வரை தண்ணீர். முகத்திலும் தெறித்தது. அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது. தச்சன் வேலை செய்யும்போது வாயில் ஆணிகளைக் கடித்துக்கொண்டிருப்பான். என் வாயெல்லாம் இரும்பு.

மூன்றாம் நாள் நெல்லின் நுனி வெளுத்தது. வெயில் என்றோம். ஐந்தாம் நாள் கதிரெல்லாம் நிமிர்ந்து நின்றது. பால் பிடித்த கதிர் தலை குனிய வேண்டும். நிமிர்ந்து நின்றால் உள்ளே ஒன்றுமில்லை என்று அர்த்தம். மண்டே ஒரு கதிரை உருவி வாயில் போட்டு மென்றான். துப்பினான். வாய்க்கால் தண்ணீரை ஒரு கை அள்ளி நாக்கில் வைத்தான். அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டான். கிழக்குச் சதுரம் முழுக்க வெந்த வைக்கோல் வாடை.

சாயங்காலம் லயமே லைமஸ் வாசலில் கூடியது. மண்டேதான் பேசினான்.

“உன்ன நம்பித்தானே ஆடுனேன் அங்க? தொப்பியத் தூக்கிப் போட்டு ஆடுனேனே! எங்க வீட்டுல ஆறு வாய் இருக்கு. அடுத்த வருசம் வரைக்கும் எதைத் திங்கும் அது? உன் நாக்கையா?”

“எந் தப்பு மண்டே.”

“தப்பாம்! கால் தடுக்கி விழுந்த மாதிரி சொல்லுறான் பாரு. உங்கப்பா இருந்திருந்தா உன்ன ஆத்துல அமுக்கியிருப்பாரு.”

“அமுக்கியிருப்பாரு.”

“திருப்பிச் சண்டையாவது போடேன்யா, பாவி!” என்று மண்டேயின் மனைவி அழுதாள். லைமஸ் வாசற்படியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பைனா உள்ளே இருந்தாள், வெளியே வரவில்லை.

இருட்டும் நேரத்தில் துரையும் வந்தார், குதிரையை விட்டு இறங்கவில்லை. “ருசி பாத்தியா, இல்லையா?”

“பாத்தேன் துரை. நல்ல தண்ணியாத்தான் தெரிஞ்சுது. என் நாக்கு பழுதாயிருச்சு.”

துரை கத்துவார் என்று எதிர்பார்த்தோம். கத்தவில்லை. “மாசக் கடைசிக்குள்ள வீட்டைக் காலி பண்ணிரு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் சட்டி இறக்கும் சத்தம்.

“எந்திரிச்சு ரெண்டு வாய் குடி. நேத்துலேர்ந்து ஒண்ணும் திங்கல,” என்றாள் பைனா.

“சூடா இருக்கா?”

அவள் அகப்பையைச் சட்டியில் போட்டாள்.

“கேக்குறேன்ல. சூடா இருக்கா, ஆறிப் போச்சா?”

“குத்திக் காட்டாத.”

“குத்திக் காட்டல. உன் வாயால கேக்கணும். அன்னிக்குத் தண்ணி எப்படி இருந்துச்சு?”

“கரிச்சுச்சு.”

“லேசாவா?”

“லேசா என்ன லேசா. கடல்ல மொண்ட மாதிரி கரிச்சுச்சு.”

நான் விறகை வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன்.

“பெறகு ஏன் அப்படிச் சொன்னே?”

“நிமிந்தா எதுத்தாப்புல அந்தப் படி. துரைசாணி பாவாடையத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு எறங்கி வர்றா. மூணாவது படியில கால வைக்குறா. என் வாயில உப்பு. எங்கக்கா வெளியில மூணு கல்லு வச்சு ஊதி ஊதிச் செத்தா. அப்படியே வந்துருச்சு.” விறகைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்: “ஆனா நீ தொறக்க மாட்டேன்னு நெனச்சேன்.”

“நான் எப்படித் தொறக்காம இருப்பேன்? நீதான என் நாக்கு?”

“பொய் சொல்லாத மனுசா. உனக்கு நண்டு தெரியும்.”

“என்ன நண்டு?”

“செங்கால் நண்டு. குட்டி குட்டியா கால்மரத்துல ஏறுமே. உப்பு வந்தாத்தான் அது வரும். ஒரு வருசமா நீ அதைத்தான் பாக்குறே. குடுவையத் தொடுறதுக்கு முன்னாடியே குனிஞ்சு மரத்தைப் பாத்துருவே. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? சொல்லு, அன்னிக்கு எத்தனை இருந்துச்சு?”

“ஏழு.”

“ஏழு நண்டைப் பாத்துட்டு எதுக்குய்யா தொறந்தே?”

“நீ சொன்னே, தொறந்தேன்.”

“நான் சொன்னா?”

“செங்கல் சுமக்கப் போகாதன்னு சொன்னே. கேக்கல. போனேன். உங்கக்கா போன பெறகு ஆறு மாசமா நீ எங்கிட்ட பேசுனது ரெண்டே பேச்சுதான். சோறு சூடா இருக்கு, சோறு ஆறிப் போச்சு. அன்னிக்கு உன் மொகத்தப் பாத்தேன். இவ நம்மகிட்ட ஒண்ணு கேக்குறான்னு பட்டுது. இந்தத் தடவையாவது மாட்டேன்னு சொல்ல வேணாம்னு தொறந்துட்டேன்.”

“நான் ஒண்ணும் கேக்கல. கோவத்துல கத்துனேன். அவ்வளவுதான். நீ நிறுத்துவேன்னு இருந்தேன்.”

“சரி.”

“நீ நிறுத்தியிருக்கணும்.”

“ஆமா.”

“மண்டே பாத்தி... எல்லாரு பாத்தியும்...”

“ஆமா, பைனா.”

அவள் அழுதது கேட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: “நண்டு தெரிஞ்ச பெறகும் ஒரு வருசமா என்ன எதுக்கு வெயில்ல நடக்க விட்டே?”

“நீ வருவேல்ல, அதுக்குத்தான்,” என்றான் லைமஸ்.

என் பாத்தியும் அதே சதுரத்தில்தான் இருந்தது என்பதை மறந்துவிடாதீர்கள். நானும் அந்த நெல்லை நம்பி இருந்தவன்தான். ஒரு பக்கம் நெஞ்சு இளகியது, இன்னொரு பக்கம் வயிறு எரிந்தது. வயிறுதான் ஜெயித்தது. ஆனாலும் கேட்டதை யாரிடமும் சொல்லவில்லை. லைமஸ் நடந்தால் பின்னாலேயே மண்ணைத் தூற்றினார்கள். மண்டேயின் மனைவி அவன் முன்னால் காறித் துப்பினாள். அவன் நாக்குத்தான் கெடுத்தது என்று கடைசி வரை எல்லோரும் நம்பினார்கள். அவனும் நம்பவிட்டான்.

அந்த வாரக் கடைசியில் வடக்கத்திப் பணக்காரர் வந்தார். மேபின் துரை செத்த வயலுக்குச் சாக்குச் சொல்ல வாயெடுத்தார். அவரோ வராந்தாவில் நின்று கிழக்குச் சதுரத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். அவருக்கு நெல் தேவையில்லை. வாத்து சுட இடம் தேவை. உப்புத் தண்ணீர் நின்றால் வாத்து விரும்பித் தின்கிற புல் தானாக முளைக்குமாம். நெல்லை ஒழிக்க ஒரு வருஷம் ஆகுமே என்று யோசித்தபடி வந்திருந்தாராம். வேலை மிச்சம் என்று துரையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் அப்போது வராந்தாவில் கீல் மாற்றிக்கொண்டிருந்தேன். துரை அன்றைக்குக் கத்தாததற்குக் காரணம் புரிந்தது. பயிர் பிழைத்தாலும் செத்தாலும் தோட்டத்தை விற்றுவிட்டு அவர் கிளம்பத் தயாராகத்தான் இருந்தார். பைனாவின் உப்பு அவர் மேல் ஒரு துளி படவில்லை.

மாதக் கடைசியில் அவர்கள் கிளம்பினார்கள். எங்கோ மரம் அறுக்கிற மில்லில் வேலை இருக்கிறதாம். ஒரு மூட்டை, ஒரு பானை, ஒரு பாய். யாரும் வாசலுக்கு வந்து வழியனுப்பவில்லை. லைமஸ் படகில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது பைனா என் பட்டறைக்கு வந்தாள்.

“கேட்டோ, உன் கடப்பாறைய ஒரு நாழி குடு.”

“எதுக்கு?”

“மூணாவது படி. துரை வீட்டுல யாரும் இல்ல, எல்லாரும் கோயிலுக்குப் போயிருக்காங்க. ஒரே ஒரு கல்லு. அதுக்குப் பதிலா வேற கல்ல வச்சு நீ பூசிரலாம்.”

“என் பாத்திக்கு என்னத்த வச்சுப் பூசுறது?” என்றேன்.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். லைமஸின் நாக்கைத் திட்டியிருந்தால் அவள் பேசாமல் போயிருப்பாள். நான் அவளைப் பார்த்துக் கேட்டேன். கொஞ்ச நேரத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது.

“அடுப்புல கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“எல்லாமா?”

“மூணு வருசமும் கேட்டுச்சு.”

“அப்ப அவன் நாக்கு செத்ததும் உனக்குத் தெரியும். நான் எந்த நெலையில இருந்தேன்னும் தெரியும்.” அவள் குரலை உயர்த்தவில்லை. “அன்னிக்கு மதகுத் தண்ணியிலதான நின்னே? உன் நாக்கு நல்லாத்தான இருந்துச்சு கேட்டோ?”

“வாயில ஆணி இருந்துச்சு.”

பைனா சிரித்தாள். ஆறு மாதத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் சிரித்தாள். “ஆணி!” என்றாள். திரும்பி ஆற்றங்கரைக்கு நடந்தாள். கடப்பாறை என் கைக்கெட்டும் தூரத்தில்தான் சாய்ந்திருந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

லயத்தை அடுத்த வருஷம் இடித்தார்கள். வடக்கத்தித் துரைக்குத் தோட்டத்தைச் சுற்றிப் பழைய செங்கல்லில் ஒரு மதில் வேண்டியிருந்தது. மண்டே குடும்பமும் மற்றவர்களும் ஒவ்வொருவராக ஊரை விட்டுப் போனார்கள். தச்சன் வேண்டும் என்று என்னை மட்டும் வைத்துக்கொண்டார். எங்கள் இரண்டு வீட்டுப் புகைபோக்கியையும் நானே இடித்தேன். உள்பக்கக் கற்களில் பாதியில் விரல் தடங்கள். பெருவிரல், சுண்டுவிரல், ஒன்றில் முழு உள்ளங்கை. யாருடையவை என்று சொல்ல ஆள் இல்லை. எல்லாவற்றையும் மதிலில் வைத்துப் பூசினேன்.

குளிர்காலத்தில் விருந்தாளிகள் வருகிறார்கள். புதுத் துரை அவர்களுக்கு ஆறு தூண்களையும் தட்டிக் காட்டுவார். பிறகு மூன்றாவது படி. பெண்கள் கையுறையைக் கழற்றி அந்தக் கோணல் விரலுக்குள் தங்கள் விரலை வைத்துப் பார்த்து, “எவ்வளவு சின்னது!” என்று வியப்பார்கள். அவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று துரை சொல்லி, அந்தக் கல்லைச் சுற்றியிருந்த சாந்தை நான்தான் சுரண்டிச் சுத்தம் செய்து கொடுத்தேன்.

மதகும் இப்போது என் பொறுப்பில்தான். ஓதம் ஏறும்போது சுரைக்குடுவையோடு போகிறேன். வாயில் ஆணி இல்லாமல் போகிறேன். மொண்டு, நாக்கில் வைத்து, நிறுத்தி, துப்புகிறேன். நல்ல தண்ணீராக இருந்தால் கதவைத் தொடுவதில்லை. நல்ல தண்ணீர் வந்தால் வாத்துக்கான புல் அழுகிவிடுமாம், அதைத் திறக்கக் கூடாது என்பது துரையின் உத்தரவு. கரித்தால் திறக்கிறேன்.